மெழுகு உருளையில் ஒரு தாத்தாவின் குரல்

போன வாரம் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஒரு ஆல்பம் கேட்டேன். பியானோ, அதோட ஓபரா பாடகர் ஒருத்தரோட குரல். நடுவுல கரகரன்னு இன்னொரு குரல் சேர்ந்து பாடுது. அந்தக் குரலுக்கு நூறு வயசுக்கு மேல. இன்னைக்கு அந்தக் கதைதான்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஓடும் ஆறு வோலஸ்தோக். ‘அழகான ஆறு’ என்று அர்த்தம். அதன் கரையில் வாழும் பூர்வகுடிகள் வோலஸ்தோகியிக். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மெக்லிங் என்ற மானிடவியலாளர் அவர்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஒரு உருளையில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் ஊசி மெழுகைக் கொஞ்சம் தேய்க்கும். கேட்கக் கேட்க அழியும் குரல்!

உருளைகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. பாட்டு பத்திரம். பாடியவர்களோட பேரப்பிள்ளைகள்? 1930 முதல் 1967 வரை நடந்த ஷுபனாகடி உறைவிடப் பள்ளியில், தாய்மொழியில் பேசிய பூர்வகுடிக் குழந்தைகளுக்குத் தண்டனை. பாட்டு பெட்டிக்குள்ள இருக்கு, பாட வேண்டிய வாயைப் பூட்டியாச்சு.

ஜெரமி டச்சர் இந்த மக்களில் ஒருவர், ஓபரா பயின்றவர். மேகி பால் என்ற மூத்த பாடகிதான் அவரிடம் இந்த உருளைகளைப் பற்றிச் சொன்னார். டச்சர் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொரு மெட்டாகப் பிடித்து எழுதினார். 2018இல் ஆல்பம் வந்தது. முழுக்க அவங்க மொழியிலேயே. அந்த வருஷமே கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசையும் வாங்கியது.

அதே மொழியை வேறு வழக்கில் பேசும் உறவுக்காரர்கள் பாசமக்வாடி மக்கள். 1890இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜெஸ்ஸி ஃபியூக்ஸ் அவர்களைப் பதிவு செய்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் அந்தப் பதிவுகளுக்கு இப்போ பாசமக்வாடி மக்களே விளக்கம் எழுதுறாங்க. பாட்டு யாருடையது, எப்படிப் பயன்படுத்தலாம்னு சொல்லும் குறிப்புகளையும் அவங்களே சேர்க்கிறாங்க.

நான் இவ்வளவு நாள் ஆவணக் காப்பகம்னா ஏசி அறை, பூட்டு, சாவின்னு நினைச்சேன். அதெல்லாம் வேணும்தான். அந்த உருளைகள் தப்பிப் பிழைத்ததால்தான் டச்சருக்குப் பாட்டு கிடைத்தது. ஆனா வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்ச ஒரு பாட்டி ஊரில் இருந்ததால்தான் அவர் அங்கே போனார்.

ஆல்பத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்தப் பழைய குரல் எங்கே வருதுன்னு கண்டுபிடிச்சா சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.