ஏடு

மாரண்டஹள்ளி டீக்கடையில் காய்ச்சிய பாலின் மேல் படிவதை ஆடை என்பார்கள். அகராதியில் அதற்கு ஏடு, பாலேடு என்றும் பெயர் உண்டு. பனையோலை, பூவிதழ் என மெல்லிய தகடாய் இருப்பவற்றுக்கும் இதே சொல்தான்.

ரப்பர் பாலுக்கும் ஏடு உண்டு. ரப்பர் பாலைக் குறிக்கும் ‘லேடெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு வெறும் நீர்மம் என்றே பொருள். குமரி மாவட்டத் தோட்டங்களில் சொல்லும் ‘பால்’ அதைவிடக் கச்சிதம். கையுறை ஆலையில் பீங்கான் அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் நனைத்து, உலர்த்தி, பால் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டிப் பாலின் மேற்பரப்பில் நீரும் அம்மோனியாவும் ஆவியாகிப் போனால் ஏடு கட்டிவிடும். அதன் துணுக்கு அச்சில் ஒட்டினால் கையுறையில் திட்டும் தடிப்பும் விழும். இதைத் தவிர்க்க வடிகட்டலாம், ஓய்வு நேரத்தில் தொட்டியை மூடலாம். முக்கியமானது, ஓயாமல் மெதுவாகக் கலக்குவது. அவசரப்பட்டு வேகமாகக் கலக்கினால் காற்று புகுந்து குமிழி வரும். குமிழி உடைந்த இடத்தில் ஊசித்துளை.