சுரங்கம் மூடிய பின்னும்

விளையாட்டு வேறு, சமூக வரலாறு வேறு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். பத்திரிகையின் முதற்பக்கத்தில் வேலைநிறுத்தமும் கடைசிப் பக்கத்தில் உதைபந்தாட்டமும் அச்சாவதால், இரண்டுக்குமிடையே தொடர்பேதும் இல்லை என்ற எண்ணம் நமக்குப் பழகிவிட்டது. போலந்தின் தென்பகுதியிலே, மேல் சிலேஸிய நிலக்கரி வயல்களின் நடுவே அமைந்த ஸாப்ஷே நகரின் உதைபந்தாட்டக் கழகம் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது. அக்கழகத்தின் பெயர் கூர்னிக். போலிஷ் மொழியில் அச்சொல்லுக்குச் சுரங்கத் தொழிலாளி என்பதே பொருள். ஒரு தொழிலின் பெயரைத் தாங்கிப் பிறந்த கழகம், அத்தொழில் அந்நகரைவிட்டு மறைந்த பின்பும் வாழ்கின்றது. தொழிலாளரின் பெயரால் எழுந்த ஒரு நிறுவனம் உண்மையில் எவருக்குச் சொந்தம் என்னும் கேள்வியை அதன் வரலாறு நம்முன் வைக்கின்றது.

ஸாப்ஷே முன்னர் ஜெர்மனியின் ஆட்சிக்குட்பட்ட சுரங்க நகராக இருந்தது. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1915இல், படைத்தலைவர் ஹிண்டன்பேர்க்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1922இல் மேல் சிலேஸியா பிரிக்கப்பட்டபோது அது ஜெர்மனியின் பக்கத்திலேயே எஞ்சியது. இன்று கூர்னிக் ஆடும் மைதானம் 1934இல் திறக்கப்பட்டபோது தாங்கியிருந்தது ஹிட்லரின் பெயரை. 1945இல் செஞ்சேனை வந்தது. நகரம் போலந்தைச் சேர்ந்தது. பழைய பெயரும் மீண்டது. பாசிசத்தின் வீழ்ச்சியைக் கொண்டாடும் நாம், அதனைத் தொடர்ந்து நடந்தவற்றை மறைத்தலாகாது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் மேல் சிலேஸியாவின் தொழிலாளர் பல்லாயிரவர் டொன்பாஸ் முதலிய சோவியத் சுரங்கப் பகுதிகளுக்குக் கட்டாய வேலைக்கென இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களுட் பலர் திரும்பி வரவில்லை. ஜெர்மானியர் எனக் கணிக்கப்பட்டோர் மேற்கே வெளியேற்றப்பட்டனர். சோவியத் யூனியனுடன் இணைக்கப்பட்ட கிழக்குப் பிரதேசங்களிலிருந்து போலிஷ் மக்கள் வந்து குடியேறினர். எஞ்சிய பழங்குடிகளும் வந்த புதுக்குடிகளும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. அவர்கள் ஒருங்கே இறங்கியது சுரங்கத்துள். ஒருங்கே கூடியது மைதானத்தில்.

1948 டிசெம்பரில் அந்நகரின் சிறு கழகங்கள் சில இணைக்கப்பட்டுக் கூர்னிக் தோன்றியது. புதிய அரசின் கீழ் விளையாட்டுக் கழகங்கள் தொழில்வாரியாகப் பகுக்கப்பட்டிருந்தன. தலைநகர் வார்சாவின் லெகியா இராணுவத்துக்குரியது. கூர்னிக் நிலக்கரிச் சுரங்கங்களுக்குரியது. நாட்டின் அந்நியச் செலாவணிக்கு நிலக்கரியே பேராதாரமாக இருந்தமையால் சுரங்கத்தின் செல்வாக்குக் கழகத்தையும் உயர்த்தியது. ஆட்டக்காரர்கள் சுரங்கச் சம்பளப் பட்டியலில் தொழிலாளராகப் பதியப்படுதல் அக்கால வழக்கம். பதிவேட்டில் பெயருண்டு, கையில் கரி படிவதில்லை. இதனைச் சுட்டிக்காட்டி, கூர்னிக் வெறும் அரசாங்கக் காட்சிப்பொருள் என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவ்வாட்டக்காரருட் பலர் அதே சுரங்கச் சேரிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். பார்வையாளருள் பெரும்பாலோர் மெய்யாகவே கரியில் உழைத்தவர்கள். அரசு அமைத்துக் கொடுத்த கழகத்தை மக்கள் தமதாக்கிக் கொண்டனர் என்பதே பொருந்தும்.

1957இல் முதன்முறை தேசிய சம்பியனாகிய கூர்னிக், 1959இலும் 1961இலும் அப்பட்டத்தை மீண்டும் வென்றது. பின்னர் 1963 முதல் 1967 வரை ஐந்தாண்டுகள் இடையறாது வென்றது. அக்காலத்துப் பெருவீரர் ஏர்னஸ்ட் போஹ்ல். போலந்தின் முதற்பிரிவில் அவர் அடித்த 186 கோல்கள் ஒரு சாதனை. சிலேஸியக் குடும்பமொன்றில் பிறந்த அவரது குடும்பப் பெயரில் 'எச்' என்னும் எழுத்து ஜெர்மன் வாடை வீசியதால், அதனை நீக்கியே அக்காலத்தில் எழுதினர். அவர் அடித்த கோல்களை ஏற்றுக்கொண்ட நாடு அவருடைய பெயரை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று கூர்னிக்கின் விளையாட்டரங்கு அவர் பெயரையே தாங்குகின்றது, அவ்வெழுத்தும் கூடவே. ஹிட்லரின் பெயரிலிருந்து ஒரு சிலேஸிய உதைபந்தாட்டக்காரரின் பெயருக்கு அம்மைதானம் வந்து சேர்ந்த தூரம், அந்நகரின் வரலாறு நடந்த தூரமேயாகும்.

ஐரோப்பிய அரங்கிலும் இக்கழகம் புகழ் பெற்றது. 1961இல் இங்கிலாந்தின் ரொற்றன்ஹாம் கழகத்தை ஹொஷூவ் நகரில் 4-2 என வென்று, ஒரு வாரத்தின் பின் லண்டனில் 1-8 எனத் தோற்றது. 1963இல் ஒஸ்ரியா வியன்னா கழகத்துடன் ஆடியபோது ஹொஷூவிலுள்ள சிலேஸிய அரங்கிலே 1,20,000 பேர் திரண்டனர். 1968இல் காலிறுதியில், பின்னர் கிண்ணத்தையே வென்ற மான்செஸ்டர் யுனைற்றெட்டைத் தன் மண்ணில் 1-0 என வென்றது. எனினும் முதலாட்டத்தின் 0-2 தோல்வியால் வெளியேறியது. 1970இல் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் அரையிறுதியில் ரோமாவுடன் மூன்று முறை ஆடியும் முடிவு காணாமல், ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் நாணயச் சுழற்சியால் இறுதியாட்டத்துக்குத் தெரிவாயிற்று. வியன்னாவில், கொட்டும் மழையில், மான்செஸ்டர் சிற்றியிடம் 1-2 எனத் தோற்றது. கூர்னிக்கின் ஒரே கோலை அடித்தவர் தலைவர் ஒஷ்லிஸ்வோ. ஐரோப்பியக் கிண்ணமொன்றின் இறுதியாட்டத்தை எட்டிய போலிஷ் கழகம் இன்றுவரை கூர்னிக் ஒன்றே.

அவ்வணியின் வாலிப நட்சத்திரமாகிய லுபான்ஸ்கி 16 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடியவர். 1973இல் இங்கிலாந்தை போலந்து 2-0 என வென்ற ஆட்டத்தில் கோலும் அடித்துப் பெருங்காயமும் அடைந்தார். அடுத்த ஆண்டு போலந்து உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பெற்றபோது அவர் களத்தில் இல்லை.

ஆனால் வெற்றிப் பட்டியலை மட்டும் படிப்போர் ஒன்றைக் காணத் தவறுவர். 1981 டிசெம்பர் 16ஆம் திகதி, ஸாப்ஷேக்கு அயலிலுள்ள கத்தோவித்சே நகரின் வூயெக் சுரங்கத்தில், இராணுவச் சட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது அரசின் காவற்படை சுட்டது. ஒன்பது சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசு தொழிலாளரையே சுட்ட நாள் அது. சோஷலிஸத்தை நேசிக்கும் நாம் இதனைச் சொல்லக் கூசினால், நேசிப்பது சோஷலிஸத்தையன்று, அதிகாரத்தையே. அதன் பின் 1985 முதல் 1988 வரை 'சுரங்கத் தொழிலாளி' கழகம் நான்கு முறை தொடர்ந்து சம்பியனாகியது. மொத்தம் 14 பட்டங்கள். 1988க்குப் பின் 2025 வரை அது மற்றொரு பட்டத்தைப் பெறவில்லை.

1989இல் அரசு மாறியது, சந்தை வந்தது. சுரங்கங்கள் இலாபநட்டக் கணக்கால் அளக்கப்பட்டன, ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கழகத்தைத் தாங்கிய தூண் சரிந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் மேற்குநாடுகளுக்குச் சென்றனர். 2009இலும் 2016இலும் கூர்னிக் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அதே 2016இன் முடிவிலேயே நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கமாகிய மகொஷொவியும் மூடப்பட்டது. பழைய கீடோ சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். அப்பன் உழைத்த 320 மீற்றர் ஆழத்துக்குப் பிள்ளை கட்டணம் செலுத்தி இறங்குகின்றான்.

எனினும் கழகம் மாளவில்லை. 2017இல் முதற்பிரிவுக்கு மீண்டு, 2018இல் இளம் வீரரைக் கொண்ட அணியுடன் நான்காமிடம் பெற்று, இரு தசாப்தங்களுக்கு மேலான இடைவெளியின் பின் ஐரோப்பியப் போட்டிக்குச் சென்றது. 2021இல் லூக்காஸ் பொடோல்ஸ்கி வந்து சேர்ந்தார். அயல் நகரான கிளிவித்சேயில் பிறந்து, குழந்தையாய் ஜெர்மனிக்குப் பெயர்ந்து, 2014இல் ஜெர்மனியின் உலகக் கிண்ண அணியில் இடம்பெற்றவர் அவர். சிலேஸியரை இரு நாடுகளுக்கிடையே கிழித்த வரலாறு, அவரிடத்தில் ஒரு வட்டத்தை முடித்தது எனலாம். 2024இல் அணி ஆறாமிடமும் 2025இல் ஒன்பதாமிடமும் பெற்றது.

சுரங்கம் விலகிய இடத்தில் பின்னாளில் நகரசபையே பெரும் பங்காளராக நின்று பொதுப்பணத்தால் கழகத்தைக் காத்தது; விளையாட்டரங்கையும் புதுக்கியது. பாடசாலைக்கும் பாதைக்கும் வேண்டிய பணத்தைப் பந்துக்குச் செலவிடுவதா என்ற வாதம் எழுந்ததில் வியப்பில்லை. அவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்க மாட்டோம். ஆயின், தனியார் வாங்கிவிட்டால் கவலை தீரும் என்போரிடம் ஒன்று கேட்போம்: வாங்குபவர் இலாபம் காணாதபோது கழகத்தின் கதி என்ன? சுரங்கங்களின் கதியை அந்நகர் கண்டிருக்கின்றது. அரசு, சந்தை, நகரசபை என உடைமையாளர் மாறிமாறி வந்தனர். மாறாமல் வந்தவர்கள் மைதானப் படிக்கட்டில் நின்றவர்களே. அவர்களைக் கேட்டு முடிவு செய்தவர் அம்மூவருள் எவரெனத் தேடிப் பார்ப்பின், 'சுரங்கத் தொழிலாளி' என்னும் அப்பெயருக்கு இன்னமும் கொடுபடாத கடன் எவ்வளவு என்பது விளங்கும்.