மரக்கறி உணவும் மாணாக்கர் வளர்ச்சியும்

மச்ச மாமிசம் உண்ணாத பிள்ளைகள் உடல் வலிமையிற் குறைந்தவராவர் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. சைவ மரபில் வந்த பெற்றோர் அதனை மறுப்பர். ஆயினும், பாடசாலை செல்லும் பிள்ளையின் மெலிந்த உடலைக் காணுந்தோறும் அவருள்ளத்திலும் ஐயம் எழுதல் இயல்பே. இவ்வையத்துக்கு விடை கண்ட வரலாறு சோற்றிலிருந்து தொடங்குகின்றது.

யாவாத் தீவிற் பணிபுரிந்த ஒல்லாந்த வைத்தியர் எய்க்மன், 1890களில் ஓர் உண்மையைக் கண்டார். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசியை உண்டவை நலமாயிருந்தன. பெரிபெரி என்னும் நோயின் மூலம் இவ்வாறு புலனாகத் தொடங்கிற்று. வயிறு நிறைதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு என்பதை உலகம் உணர்ந்தது.

1918 இல் றொபேட் மக்கரிசன் என்பார் நீலகிரியிலுள்ள குன்னூரில் இத்தகைய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை அவர் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். வட இந்திய உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. அவ்வுணவில் மாமிசம் இடையிடையே மட்டும் சேர்ந்தது. தவிடு நீக்காத கோதுமை, பால், நெய், பருப்பு, காய்கறி என்பனவே நாளாந்தம் இடம்பெற்றன. பாலும் கீரையும் அருகிய சோற்றுணவை உண்டவையோ வளர்ச்சி குன்றின.

1935 இல் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற அக்ரொயிட், அரிசிப் பிரச்சினையை மேலும் ஆராய்ந்தார். அன்றைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சையரிசி உண்ட தெலுங்கு மாவட்டங்களிலே பெரிபெரி மலிந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை அவிக்கும்போது உயிர்ச்சத்து மணியின் உள்ளே ஊடுருவுதலே இதற்குக் காரணம். நம் பாட்டிமார் கையாண்ட முறையின் சிறப்பை விஞ்ஞானம் இவ்வாறு எடுத்துக் காட்டிற்று. விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு ஆடை நீக்கிய பாலைச் சேர்த்தபோது, அவர்தம் உயரமும் நிறையும் விரைந்து கூடியமையை அவரும் கிருஷ்ணனும் 1937 இல் வெளியிட்டனர்.

இலங்கையிலும் இத்துறை ஆராயப்பட்டது. கொழும்பிற் பணியாற்றிய லூசியஸ் நிக்கொல்ஸ், தோல் தேரைத்தோல் போலச் சொரசொரப்பாகும் நோயை 1933 இல் விவரித்து, அதனை விற்றமின் ஏ குறைவோடு தொடர்புபடுத்தினார். கொழுப்பமிலக் குறைவு முதலிய பிற காரணங்களையும் பின்வந்தோர் கண்டனர். எனினும், கண்ணொளிக்கு இன்றியமையாத விற்றமின் ஏயை உடலுக்கு அளிக்கும் சத்து, வேலியோரத்து முருங்கையிலையிலும் முற்றத்துப் பப்பாசியிலும் உண்டென்பது உறுதி.

1948 இல் விற்றமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டமை மற்றோர் எச்சரிக்கையாயிற்று. இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய இச்சத்து தாவரங்களில் இல்லை; பாலிலும் தயிரிலும் உண்டு. ஆகவே, பாலையும் விலக்கும் பிள்ளைக்கு அதனை வேறு வழியால் அளித்தல் வேண்டும். கீரையிலுள்ள இரும்புச் சத்தும் உடலில் எளிதிற் சேராது. தேசிப்புளியோ நெல்லிக்காயோ உடன் சேருமாயின் அது கூடுதலாகச் சேரும்.

பாடசாலைகளும் இவ்வரலாற்றிற் பங்கு கொண்டன. சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், 1920 இல் ஆயிரம் விளக்குப் பாடசாலையில் மதிய உணவு வழங்கத் தொடங்கிற்று. காமராசர் 1956 இல் அதனை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். பின்னர் முட்டை சேர்க்கப்பட்டபோது, அதனை உண்ணாப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் அளிக்கப்பட்டது. மரபை மதித்த செயல் அது. ஆயினும் முட்டையின் புரதத்தை வாழைப்பழம் தராது. அப்பிள்ளையின் தட்டிற் பயறும் கடலையும் கூடுதலாக இடம்பெறல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிகள் மரக்கறி உணவைக் குற்றங் கூறவில்லை. வெறுஞ் சோற்றையே குற்றங் கூறின. தவிடு முற்றாக நீங்காத அரிசி, பருப்பு, கீரை, பழம், ஒரு கோப்பை பால் என்பன நாள்தோறும் கிடைக்குமாயின், மரக்கறி உண்ணும் பிள்ளையும் குறைவின்றி வளரும். அவை கிடையாத வீட்டுப் பிள்ளைக்கு அவற்றைக் கிடைக்கச் செய்தல் சமுதாயத்தின் கடமையாகும்.