தாழம்பூ ரேக்கும் அரூப ஓவியமும்

தமிழ்நாட்டு அரூப ஓவியத்தின் கதையைச் சொல்பவர்கள் சென்னை ஓவியக் கல்லூரியில்தான் தொடங்குவார்கள். 1963 வாக்கில் கே.சி.எஸ். பணிக்கர் சொற்களையும் குறியீடுகளையும் வைத்து வரையத் தொடங்கினார். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. இன்று அரூபம் என்றாலே நினைவுக்கு வரும் அக்ரிலிக் வண்ணமும் 1950-களில்தான் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இவற்றில் பிழையில்லை, ஆனால் கதை பாதியில் தொடங்குகிறது. உருவத்தை உதறிவிட்டு இயற்கையின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வேலை காஞ்சிபுரத்துத் தறிகளில் அதற்கு வெகுமுன்பே நடந்துவந்தது என்பது என் கட்சி.

தாழம்பூ ரேக்கு என்ற சேலைக் கரை வடிவத்தைப் பாருங்கள். அதில் பூவும் இல்லை, மடலும் இல்லை. மடலோரத்து முள்வரிசை மட்டும் கரையில் ரம்பப் பல்லாக ஓடுகிறது. மயில்கண்ணில் மயில் கிடையாது, வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும்தான். வைரஊசி வெறும் கோடு. பாவும் ஊடையும் குறுக்குநெடுக்காக வெட்டிக்கொள்ளும் துணியில் எந்த வளைவும் படிப்படியாகத்தான் ஏறும். அதனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நெய்பவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். உருவம் எழுதத் தெரியாத ஊர் என்று இதைத் தள்ளவும் முடியாது: கைலாசநாதர் கோயிலின் 8-ஆம் நூற்றாண்டுச் சோமாஸ்கந்தர் ஓவியம் சிதைந்த நிலையிலும் அங்கேயே இருக்கிறது. நிறத்துக்கு வந்தால் சங்கதி இன்னும் துலக்கம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில்கழுத்து. உடுத்தியவர் நடக்க நடக்க நிறம் மாறும். கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா ஓட்ட இன்னோர் ஆள் வேண்டும். அத்தனை பாடும் அரக்கு உடலும் பச்சைக் கரையும் ஒன்றில் ஒன்று கசியாமல் நேருக்கு நேர் நிற்பதற்காகத்தான்.

இது அலங்காரம்தானே, ஓவியர் தன் உணர்வைத் தீட்டுகிறார், நெசவாளரோ வியாபாரி கேட்டதை நெய்கிறார் என்பார்கள். பாதி உண்மை. நெசவாளர் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து தந்த நீலத்துக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரே நிலைத்துவிட்டது. உருவமே இல்லாத வெறும் நிறத்தில் ஒரு குரலின் நினைவை ஏற்றிக்கொண்ட ரசிகர்களுக்கு அரூபத்தை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. 1950-களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் ஓவியர்களை வேலைக்கு எடுத்தன. அப்படிப் பணியாற்றியவர்களில் கே.எம். ஆதிமூலம் (1938–2008) ஒருவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் கருங்கோடுகளில் காந்தியை வரைந்து பேர்பெற்ற அவர், பின்னாளில் கோடுகளைக் கைவிட்டு, மண்ணையும் வானையும் நினைவூட்டும் நிற அடுக்குகளுக்கு வந்து சேர்ந்தார். மையங்கள் ஓவியரை அமர்த்தியது நெசவுக்கு உதவத்தான். ஆனால் கற்றுக்கொண்டது நெசவு மட்டுமே என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. எழும்பூர் அருங்காட்சியகமோ லலித் கலா அகாதெமியோ ஆதிமூலத்தின் ஒரு கேன்வாஸையும் ஒரு மயில்கழுத்துச் சேலையையும் ஒரே சுவரில் மாட்டிக் காட்டட்டும்.