கூலிக்குப் பேயோட்டுதல்: பம்பைக்காரரிலிருந்து 'பெட்ரோமாக்ஸ்' வரை

தகாஷி ஷீனாவின் 'கோஸ்ட் ஸ்வீப்பர் மிகாமி' 1991 முதல் 1999 வரை ஜப்பானிய வார இதழொன்றில் படத்தொடராக வந்தது. 1993-94இல் அது 45 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்தது. நாயகி ரெய்கோ மிகாமி பேய் விரட்டும் அலுவலகம் வைத்திருப்பவள். அவள் கேட்கும் கட்டணத்தில் வாடிக்கையாளருக்கு மயக்கமே வரும். உதவியாளன் யோகோஷிமாவுக்கு அவள் கொடுக்கும் சம்பளமோ டீச்செலவுக்கும் காணாது. பேயைவிட இந்தக் கணக்குவழக்குதான் அத்தொடரில் அதிகம் சிரிக்க வைக்கிறது. இக்கட்டுரை அதே கணக்கைத் தமிழ்நாட்டில், குறிப்பாக வடசென்னையில், தேடுகிறது: பேயோட்ட ஆள் அமர்த்தியவர் யார், எதைக் காப்பாற்ற அமர்த்தினார், சிரிப்பு எங்கிருந்து வந்தது.

சிரிப்பைச் சினிமா கொண்டுவரவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய சயங்கொண்டாரின் பேய்கள் பசியில் வாடி, போர்க்களத்தில் கூழ் சமைத்து, பந்தியில் அடித்துக்கொள்கின்றன. அந்தப் பந்தியில் பார்ப்பனப் பேயும் சமணப் பேயும் புத்தப் பேயும் உண்டு. பேய்க்கும் சாதி, சமயம் வைத்துக் கேலி செய்த புலவருக்கு, பேய் அச்சத்துக்குரிய பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

சடங்கிலும் இதே போக்கைக் காணலாம். சீகன்பால்கு 1713இல் தரங்கம்பாடியில் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலில், பேய்களை அடக்கும் ஊர்த் தெய்வங்களுள் அங்காளம்மனும் இடம்பெறுகிறாள். அந்நூல் அச்சேறியது 1867இல்தான், அதுவும் சென்னையில். அங்காளம்மனின் பெயரால் இன்றும் பேயோட்டுபவர்கள் பம்பைக்காரர்கள். பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடி, அம்மனை வரவழைத்து, பேய் பிடித்ததாகக் கருதப்படும் பெண்ணிடம் விசாரணை நடத்துவார்கள். இவர்கள் கோயில் பூசாரிகள் அல்லர், அழைத்தால் வந்து வேலை முடித்துக் கூலி வாங்கிப்போகும் கலைஞர்கள். செஞ்சிப் பக்கத்தில் களஆய்வு செய்து இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூல் இச்சடங்கை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

அந்த விசாரணையை மந்திர உச்சாடனமாகக் கற்பனை செய்வது தவறு. அது பேரம். நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பிடித்தாய், என்ன கொடுத்தால் போவாய்? பேய் கோழி கேட்கும், சாராயம் கேட்கும், சுருட்டு கேட்கும். பம்பைக்காரர் மிரட்டுவார், நையாண்டி செய்வார், இறங்கி வருவார். சுற்றி நிற்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட நாடகம். பெரும்பாலும் அந்தப் பேய் அகாலமாகச் செத்த இளைஞன், பல நேரம் காதல் தோல்வியில் தற்கொலை செய்துகொண்டவன். பிடிபட்டவள் புதிதாக மணமானவள். பேய் தன் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் முடிக்கற்றையை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். காதலனை விரட்டி மனைவியைக் கணவனிடம் மீட்டுத் தருவதே சடங்கின் நோக்கம் என்கிறார் நபோகோவ். செலவு குடும்பத்துடையது, மீட்கப்படுவது குடும்பத்தின் மருமகள். அவள் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

வடசென்னைக்கு இந்த வழக்கம் வேலை தேடி வந்தவர்களோடும் சேர்ந்து வந்தது எனக் கருத இடமுண்டு. 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது. 1875இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. பின்னாளில் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்தன. செங்கல்பட்டிலிருந்தும் ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் தெய்வத்தை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை. மாசி அமாவாசையில் அங்காளம்மனுக்கான மயானக் கொள்ளை விழா இப்பகுதியிலும் நடக்கிறது.

கூலியே வாங்காத பேய்விரட்டி ஒருவரும் உண்டு. கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், பேய் வீடுகள் என்று சொல்லப்பட்டவற்றுக்கு நேரில் சென்று துப்புத் துலக்கினார். அமானுஷ்ய சக்தியை மெய்ப்பிப்பவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963இல் சவால் விட்டார். அவர் ஆராய்ந்த ஒரு நிகழ்வே மலையாளத்தில் 'புனர்ஜன்மம்', தமிழில் 'மறுபிறவி' (1973) ஆனது. ஆனால் தமிழ்த் திரை அவர் வழியில் தொடரவில்லை.

'சந்திரமுகி' (2005) மனநல மருத்துவரையும் மாந்திரீகரையும் ஒரே மாளிகையில் நிறுத்திச் சமரசம் செய்தது. சிரிப்பை வடிவேலுவின் நடுக்கத்திடம் ஒப்படைத்தது. ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) இரண்டிலும்தான் உண்மையான திருப்பம் நிகழ்கிறது. ஒன்றில் வஞ்சிக்கப்பட்ட குடிசைவாசியும் மற்றொன்றில் நிலம் பறிக்கப்பட்ட திருநங்கையும் பேயாக வருகிறார்கள். சடங்கில் பேயின் கதையைக் கேட்டபின் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். இங்கே கதையைக் கேட்டபின் பழிவாங்க உடம்பைக் கடன் கொடுக்கிறார்கள். பேயின் வழக்கு முதன்முறையாக வெல்கிறது. இப்படங்களைக் கூச்சல் என்று ஒதுக்கும் விமர்சகர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

அதன்பின் கூலிக்காரர் கேலிப்பொருளாகத் திரும்பி வருகிறார். 'டார்லிங்' (2015) படத்தில் நான் கடவுள் ராஜேந்திரன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் கோஸ்ட் கோபால் வர்மா. மிகாமியின் தூரத்து உறவுக்காரர் என்றே சொல்லலாம். தெலுங்கு 'ஆனந்தோ பிரம்மா'வின் மறுஆக்கமான 'பெட்ரோமாக்ஸ்' (2019) இன்னும் தெளிவானது. பேய் வீடு என்ற பெயரால் விற்காமல் கிடக்கும் வீட்டில், பேய் இல்லை என்று காட்டுவதற்காகப் பணமுடை உள்ள நால்வர் கூலிக்குத் தங்குகிறார்கள். அவர்களைக் கண்டு பேய்கள்தாம் அஞ்சுகின்றன. பம்பைக்காரரை அமர்த்தியது குடும்பம், இவர்களை அமர்த்துவது வீட்டு விலை. நோயாளி மருமகளாக இருந்த நிலை மாறி, கட்டடமே நோயாளி ஆகிவிட்டது.

இந்த மாற்றம் ராயபுரத்து ஒண்டுக்குடித்தனங்களில் நிகழவில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கு (1967-2020) இந்தப் பேய்ப்பட அலை ஓடிய ஆண்டுகள் முழுக்கத் திறந்திருந்தது. அங்கே அமர்ந்து சிரித்தவர்களில் விற்பதற்குப் பங்களா வைத்திருந்தவர் எத்தனை பேர்? அவர்கள் அடையாளம் கண்டது வீட்டுக்காரரை அல்ல, கடனுக்காகப் பேய்வீட்டில் படுக்க ஒப்புக்கொண்ட கூலிகளையே என்பது என் கணிப்பு.

சிரிப்பு நின்றுவிடும் இடமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். பேய் என்று நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போட்டதன் விலையை அந்த நிகழ்வைத் தவிர்த்து எழுதுவது நேர்மையாகாது. அதற்காகப் பம்பைக்காரரின் பேச்சுக்கலையைப் பதிவுசெய்யாமல் விடுவதும் சரியல்ல. திரைப்படங்களைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. வடசென்னையில் படிக்கும் தமிழ் ஆய்வு மாணவர்கள் இன்னும் உடுக்கை ஏந்தும் முதியவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் பேயோடு பேரம் பேசும் முறையை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அதற்குரிய கூலியையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.