பாப்ஓவர்: ஓவனில் உப்பும் பூரி

எண்ணெயில் போட்ட பூரி உப்புவதற்குக் காரணம் ஆவி. மாவிலுள்ள ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மாவைத் தூக்குகிறது. பாப்ஓவரும் அதே கணக்குதான். எண்ணெய்க்குப் பதில் ஓவன், பிசைந்த மாவுக்குப் பதில் கரைத்த மாவு. ஈஸ்ட், பேக்கிங் பவுடர் எதுவும் கிடையாது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிவதால் அவை தேவைப்படுவதும் இல்லை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் புட்டிங்கிற்கு அமெரிக்காவில் பிறந்த தங்கை என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் மேரி ஹெண்டர்சன் 1876இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே இதன் செய்முறை உண்டு. மேய்ன் மாநிலத்திலுள்ள ஜோர்டன் பாண்ட் ஹவுஸ் உணவகத்தில் தேநீரோடு பாப்ஓவர் சாப்பிடுவதற்கென்றே சுற்றுப்பயணிகள் வருகிறார்கள்.

தேவையானவை: முட்டை 3, பால் 240 மில்லி, மைதா மாவு 125 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 1 மேசைக்கரண்டி. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ‘பெரிய முட்டை’ சுமார் 57 கிராம்தான். மலேசியக் கடைகளில் அது சி கிரேடு. பெட்டிப் பாலே போதும். செல்ஃப் ரைசிங் மாவு மட்டும் வேண்டாம். அதைப் போட்டால் உள்ளே குழிவு விழாமல் கேக்போல் ஆகிவிடும்.

முட்டையும் பாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கக்கூடாது. பாலை வெதுவெதுப்பாக்கி, முட்டை, உப்பு, வெண்ணெய் சேர்த்து அடித்து, பிறகு மாவைக் கலக்க வேண்டும். தோசை மாவைவிட நீர்த்திருக்க வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் கவலையில்லை. அரை மணி நேரம் மூடி வைக்கலாம்.

ஓவனை 230 பாகை செல்சியசில் நன்றாகச் சூடாக்கி, வெறும் மஃபின் தட்டையும் உள்ளே வைத்துவிட வேண்டும். மேசை ஓவன் என்றால் 20 நிமிடமாவது விட வேண்டும். விளக்கு அணைந்ததை நம்பக்கூடாது. சூடான குழிகளில் வெண்ணெய் தடவி, பாதிக்குச் சற்று மேல் மாவை ஊற்றி, உடனே கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மேல் கம்பிக்கு அருகில் இருந்தால் உப்பும்போதே தலை கருகிவிடும். இந்த அளவுக்கு 8 குழிகள் வரும்.

20 நிமிடம் கழித்துச் சூட்டை 175 பாகைக்குக் குறைத்து, இன்னும் 15 நிமிடம் விட வேண்டும். அதுவரை கதவைத் திறக்கவே கூடாது. பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கதவு திறக்கும். குளிர்ந்த காற்று புகுந்து, உள்ளிருக்கும் ஆவி அடங்கும். ஓரங்கள் இன்னும் இறுகாததால் மூன்று முட்டையும் அப்பளமாகப் படுத்துவிடும். கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியதுதான்.

பொன்னிறத்தைப் பார்த்ததும் எடுத்துவிடுவது அடுத்த தவறு. பக்கங்களும் பழுப்பாகி, தொட்டால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். எடுத்தவுடன் கத்தி முனையால் பக்கத்தில் ஒரு குத்துக் குத்தினால் ஆவி வெளியேறும். இல்லாவிட்டால் அந்த ஈரமே ஓட்டை நமுக்கச் செய்துவிடும்.

நம் ஊர் ஈரக்காற்றில் இது நெடுநேரம் தாங்காது. சூட்டோடு பிய்த்து, குழிவில் வெண்ணெயும் காயாவும் வைத்துச் சாப்பிடலாம். முதல்நாள் கோழிக்கறி மிச்சமிருந்தால் அதுவும் பொருந்தும். ஆறிப்போனதை மறுநாள் 175 பாகையில் 5 நிமிடம் சுட்டால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான்.