பூச்சியத்தை வலப்பக்கம் வைத்தது யார்?



"இருபடிச் சமன்பாடு முழுக்க நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, மற்றவர்கள் திருடிக்கொண்டார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "உண்மையா சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கணக்கு. இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால், இரண்டில் ஒன்றாவது பூச்சியம். காரணிப்படுத்தும் முறை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. நம் ஊர்த் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். கோர்வைச் சேலைக்கு நெய்பவர் ஒருவர், கரைநாடா வீசப் பக்கத்தில் ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். அன்று ஒரு விரற்கடைகூட நெய்யவில்லை என்றால், இருவரில் ஒருவராவது வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாம். ஆறு விரற்கடை நெய்திருந்தால் யார் எவ்வளவு உழைத்தார் என்று சொல்ல முடியாது. பூச்சியத்துக்கு மட்டும்தான் அந்தக் குணம்.

இனி வரலாறு. பிரம்மகுப்தர் கி.பி. 628இல் தம் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்ற நூலை எழுதினார். காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவர் ஆண்ட காலத்தை ஒட்டியது அது. எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம் என்று விதி வகுத்தார். குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் சொத்து என்றும் சொல்லி, கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்றார். இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வும் தந்தார். இதெல்லாம் நாம் பெருமைப்படவேண்டிய பாதி.

அடுத்து, 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கராச்சாரியர் எழுதிய 'பீஜகணிதம்'. அதில் ஒரு குரங்குக் கணக்கு. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. மீதி ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? மொத்தத்தை 'அ' என்று வைத்தால்,

அ² − 55அ = −250

பாஸ்கரர் எடுத்தாளும் ஸ்ரீதரர் முறைப்படி இருபுறமும் நான்கால் பெருக்கி 55இன் வர்க்கத்தைக் கூட்டினால், (2அ − 55)² = 2025. அதாவது 45இன் வர்க்கம். ஆகவே அ = 50 அல்லது 5. இரண்டு விடையையும் கண்ட பாஸ்கரர் 5ஐத் தள்ளிவிட்டார். ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் மூன்று போனால் −2. குறை எண்ணிக்கையில் குரங்கை உலகம் ஒப்புக்கொள்ளாது என்பது அவர் காரணம்.

கவனியுங்கள். வலப்பக்கம் −250 இருக்கிறது, பூச்சியம் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மியும் இருபுறமும் மிகை எண்களே இருக்கும்படி ஆறு வகையாகச் சமன்பாடுகளைப் பிரித்தார். அங்கும் பூச்சியம் இல்லை.

எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கம் பூச்சியம் வைக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் சமன்பாடுகளைக் காரணிகளின் பெருக்கலாக எழுதினார். அவர் இறந்து பத்தாண்டுக்குப் பின், 1631இல் நூல் வெளிவந்தது. 1637இல் பிரான்சின் தெக்கார்த் அ − 2 = 0, அ − 3 = 0 என்ற இரண்டையும் பெருக்கி அ² − 5அ + 6 = 0 என்று காட்டினார். பெருக்கி உருவாக்கியதைப் பிரித்தால் விடை தானே வந்துவிடும். அவரும் குறை எண் விடைகளைப் 'பொய் மூலம்' என்றுதான் அழைத்தார்!

பூச்சியத்தை எண்ணாக ஏற்று விதி வகுத்ததற்கும், அதை வலப்பக்கம் உட்கார வைத்து வேலை வாங்கியதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள். ஒரு கரையை நாம் நெய்தோம், மறு கரையை வேறொருவர் நெய்தார். திருட்டு என்று சொன்னால் இருவர் உழைப்பையும் குறைத்துப் பேசுவதாகும்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: (அ − 3)(அ − 4) = 6. உடனே அ − 3 = 6 என்று எழுதுவார்கள், விடாதீர்கள். முதலில் வலப்பக்கத்தைப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள். விடையைக் கீழே எழுதுங்கள். இரண்டும் வேண்டும், இதில் எதையும் தள்ளக் கூடாது.